சோதிப்பவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

2018 நவம்பரில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில், ராஜஸ்தானின் ஜோத்பூரிலிருந்து வந்திறங்கிய இறைச்சிப் பெட்டிகளை அதிகாரிகள் பிடித்தார்கள். இரண்டு டன்னுக்கு மேல் இருந்தது. உரித்த உடல்களில் வால் நீளமாக இருந்ததைப் பார்த்து, நாய்க்கறி என்ற பேச்சு கிளம்பிவிட்டது. வாட்ஸ்ஆப்பில் ஊர் முழுக்கப் படம் சுற்றியது. பிரியாணிக் கடைகளில் கூட்டம் குறைந்தது. சில நாள் கழித்துச் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி சோதித்துப் பார்த்து, ஆட்டுக்கறிதான் என்று அறிவித்தது. ராஜஸ்தான் பக்கத்து ஆடுகளுக்கு வால் நீளம்; அவ்வளவுதான் விஷயம். ஆனால் புரளி போன தூரத்தில் பாதிகூட அந்த அறிக்கை போகவில்லை. ஜோத்பூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் கிட்டத்தட்ட 2 நாள் ஆகும். அந்த 2 நாளும் கறி எந்தக் குளிரில் இருந்தது என்பதுதான் சாப்பிடுகிறவர் உடம்பைப் பொறுத்த கேள்வி. ஊர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

நம் ஊரில் கறி வாங்குகிறவர் நம்புவது தன் கண்ணை. கூண்டில் இருக்கும் கோழியைக் கைகாட்டி, எடை போட வைத்து, எதிரிலேயே அறுக்கச் சொல்கிறோம். ஆட்டுக்கறி என்றால் விடியற்காலையிலேயே போய் நிற்கிறோம். தொங்கும் ஆட்டில் வாலை விட்டுவைத்திருக்கிறார்களா, கொழுப்பு என்ன நிறம், விரலால் அழுத்தினால் சதை எப்படி எழும்புகிறது என்று பார்க்கிறோம். கடைக்காரர் யார் என்பதும் முக்கியம். அப்பா காலத்திலிருந்து வாங்குகிற பாய் கடையில் கறி சரியில்லை என்றால் அடுத்த ஞாயிறு போய்க் கேட்டுவிடலாம். இதை விவரம் தெரியாதவர்களின் பழக்கம் என்று ஒதுக்குவது பெரிய தவறு. செத்த கோழியைத் தள்ளிவிடுவது, நேற்றைய கறியை இன்றையதோடு கலப்பது, வெள்ளாடு என்று சொல்லி வேறொன்றைக் கொடுப்பது ஆகிய பழைய மோசடிகளை இந்த முறை நன்றாகவே தடுக்கிறது.

புதிய ஆபத்துகள் முன்னால்தான் கண் தோற்றுப்போகிறது. சால்மொனெல்லா கிருமிக்கு நிறமோ வாடையோ கிடையாது. கோழிக்குக் கடைசி வாரத்தில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்பது அதன் சதையைப் பார்த்தால் தெரியாது. மாட்டுக்கு என்ன தீவனம் போட்டார்கள் என்பதை நாக்கும் சொல்லாது. பொருளாதார அறிஞர்கள் பண்டங்களின் குணங்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: வாங்கும்போதே பார்த்துத் தெரிவது, சாப்பிட்ட பிறகு தெரிவது, சாப்பிட்ட பிறகும் தெரியாதது. 1973-இல் டார்பி, கார்னி என்ற இருவர் மூன்றாவது வகையைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். இறைச்சியில் இந்த மூன்றும் உண்டு. மூன்றாவது வகைக்கு வாங்குபவரின் திறமை உதவாது; வேறு யாரையாவது நம்பியே ஆக வேண்டும். யாரை, எதற்காக நம்புவது என்பதில்தான் நூறாண்டுகளுக்கு மேலாக உலகம் தடுமாறி வந்திருக்கிறது.

முதல் விடை அரசு முத்திரை. 1906-இல் அப்டன் சின்க்ளேர் சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளைப் பற்றி எழுதிய நாவல் அமெரிக்காவை உலுக்கியது. அவர் பேச நினைத்தது தொழிலாளர் படும் பாட்டை; வாசகர் பயந்தது தங்கள் தட்டில் விழும் கறியை நினைத்து. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அதே ஆண்டு ஜூன் 30 அன்று இறைச்சி ஆய்வுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அறுப்பதற்கு முன் ஒரு சோதனை, அறுத்த பின் ஒரு சோதனை, தேறினால் முத்திரை. நம் மாநகராட்சி இறைச்சிக்கூடங்களில் கால்நடை மருத்துவர் வைக்கும் முத்திரைக்கும் அடிப்படை இதேதான். இந்த ஆய்வு கண்ணாலும் கையாலும் கத்தியாலும் செய்வது. காசநோய்க் கட்டி, புழு, காயம், அழுகல் எல்லாம் அகப்படும். கிருமி அகப்படாது. 1993-இல் அமெரிக்காவில் ஒரு பர்கர் நிறுவனத்தின் சரியாக வேகாத மாட்டிறைச்சியால் 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 4 குழந்தைகள் இறந்தார்கள். அந்த இறைச்சி அரசு ஆய்வைக் கடந்துதான் வந்திருந்தது. அதன் பிறகே, 1996-இல், விண்வெளி வீரர்களின் உணவுக்காக 1960-களில் வகுத்த முறையை அங்கே இறைச்சிக் கூடங்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். கடைசியில் வரும் பொருளைச் சோதிப்பதோடு நில்லாமல், எந்தெந்த இடத்தில் கெட வாய்ப்புண்டோ அந்த இடங்களைக் கண்டுபிடித்து, அளந்து, எழுதிவைப்பது அந்த முறை.

சுவீடன் இதைவிட முன்பே விழித்துக்கொண்டது. 1953-இல் ஆல்வெஸ்டா என்ற ஊரின் இறைச்சிக்கூடத்திலிருந்து பரவிய சால்மொனெல்லாவால் ஏறத்தாழ 9,000 பேர் நோயுற்று, 90 பேர் வரை இறந்தார்கள். 1961 முதல் அங்கே தீவனத்திலேயே கட்டுப்பாடு தொடங்கிவிடுகிறது. கிருமி கண்ட கோழி மந்தையை விற்பனைக்கு விடுவதில்லை. 1995-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோதுகூட, வெளியிலிருந்து வரும் இறைச்சிக்குச் சால்மொனெல்லா சோதனைச் சான்று கேட்கும் உரிமையைச் சுவீடன் பெற்றுக்கொண்டுதான் சேர்ந்தது. செலவு பிடித்த வழிதான். கோழியில் சால்மொனெல்லாவைக் கட்டுப்படுத்தவே முடியாது என்று சொல்கிற எவருக்கும் இந்த நாட்டைக் காட்டலாம்.

கிருமி ஒருபுறம் இருக்க, நம்பிக்கை எப்படி உடைகிறது என்பதற்கு முழுப் பாடம் பிரிட்டனில் இருக்கிறது. 1986 நவம்பரில் அங்கே மாடுகளின் மூளையைத் துளைத்துப் பஞ்சுபோலாக்கும் ஒரு புதிய நோயைக் கண்டுபிடித்தார்கள். செத்த மாடுகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்து மாடுகளுக்கே தீவனமாகப் போட்டதுதான் நோய் பரவக் காரணம். 1988-இல் அந்தத் தீவனத்தைத் தடை செய்தார்கள். 1989-இல் மூளை, தண்டுவடம் போன்ற உறுப்புகளை மனித உணவிலிருந்து விலக்கினார்கள். நடவடிக்கைகள் சரியானவைதான், நிறைவேற்றத்தில் ஓட்டைகள் இருந்தன. ஆனால் மக்களிடம் பேசிய பேச்சு வேறு மாதிரி இருந்தது. 1990 மே மாதம் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் தொலைக்காட்சிக் கேமராக்கள் முன் தன் 4 வயது மகளுக்கு மாட்டிறைச்சி பர்கரை நீட்டினார். பிரிட்டிஷ் மாட்டிறைச்சியால் ஆபத்தில்லை என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1996 மார்ச் 20 அன்று சுகாதார அமைச்சர் ஸ்டீபன் டோரல் நாடாளுமன்றத்தில் எழுந்து, இளவயதினர் 10 பேருக்கு வந்த புதுவகை மூளைநோய்க்குப் பெரும்பாலும் அந்த மாடுகளே காரணமாக இருக்கலாம் என்றார். ஒரு வாரத்தில் ஐரோப்பா பிரிட்டிஷ் மாட்டிறைச்சிக்குக் கதவை மூடியது. 1,80,000-க்கு மேற்பட்ட மாடுகளுக்கு நோய் உறுதியானது. நோய்த் தடுப்புக்காக அழித்தவை பல லட்சம். மனிதர்களில் 170-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

இதைப் பற்றி 2000-இல் வெளிவந்த பிலிப்ஸ் விசாரணை அறிக்கை, அரசு பொய் சொல்லவில்லை என்றே முடிவு செய்தது. ஆபத்து மிகக் குறைவு என்று அதிகாரிகள் உண்மையாகவே நம்பினார்கள். மக்கள் பதறிவிடக் கூடாதே என்ற கவலையில், தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் விட்டார்கள். ‘ஆபத்து இல்லை’ என்று 6 ஆண்டுகள் கேட்ட காது, ‘ஆபத்து இருக்கலாம்’ என்ற ஒரே வாக்கியத்தைக் கேட்டதும் அதற்கு முன் கேட்ட அத்தனையையும் பொய் என்றே எடுத்துக்கொள்ளும். ஆபத்தை வளர்த்ததைவிட ஆறுதல் சொன்னதுதான் நம்பிக்கையை அதிகம் குலைத்தது என்பது என் கருத்து. இன்னொரு கோளாறும் அங்கே இருந்தது. விவசாயிகளின் வருமானத்தைக் காக்க வேண்டிய அமைச்சகமே உண்பவரின் உடல்நலத்தையும் பார்த்துக்கொண்டது. ஒரே நாற்காலியில் இரண்டு பேர் உட்கார முடியாது. 2000-இல் உணவுத் தரத்துக்கென்று தனி முகமையை அமைத்தார்கள். அதன் குழுக் கூட்டங்கள் பொதுமக்கள் முன்னிலையில் நடந்தன.

ஐரோப்பாவும் ஜப்பானும் கற்றுக்கொண்ட பாடம், ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வந்தது என்று எழுதிவைப்பது. மாட்டிறைச்சியில் எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது, எங்கே அறுத்தது என்று ஐரோப்பாவில் சீட்டு ஒட்டியாக வேண்டும். ஜெர்மனியில் உள்நாட்டு மாடொன்றுக்கு நோய் தெரிந்ததும் 2001 ஜனவரியில் இரண்டு அமைச்சர்கள் பதவி விலகினார்கள். அதே ஆண்டு அங்கே இறைச்சித் தொழிலே முன்வந்து, தீவன ஆலை முதல் கடை வரை ஒரே சங்கிலியாகச் சோதிக்கும் கியூஎஸ் அமைப்பைத் தொடங்கியது. ஜப்பானில் 2003-இல் வந்த சட்டப்படி ஒவ்வொரு மாட்டுக்கும் 10 இலக்க எண். அந்த எண்ணைப் போட்டு, வாங்குபவரே மாட்டின் பிறப்பிடத்தைப் பார்க்கலாம். அந்தச் சட்டத்துக்குக் காரணம் நோய் மட்டுமல்ல. 2002-இல் ஸ்னோ பிராண்ட் என்ற புகழ்பெற்ற நிறுவனத்தின் உணவுப் பிரிவு, ஆஸ்திரேலிய மாட்டிறைச்சிக்கு ஜப்பானியச் சீட்டு ஒட்டி, மாட்டுநோய்க்காக அரசு தந்த இழப்பீட்டுப் பணத்தை வாங்க முயன்று அகப்பட்டது. சில மாதங்களில் அந்த நிறுவனத்தையே மூட வேண்டியதாயிற்று.

சீட்டை எழுதுபவர் நேர்மையாக இல்லாவிட்டால் சீட்டு என்ன செய்யும்? 2013 ஜனவரியில் இதற்கு விடை கிடைத்தது. அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கடைகளில் வாங்கிய 27 மாட்டிறைச்சி பர்கர்களைச் சோதித்தது. 10-இல் குதிரையின் மரபணு இருந்தது. 23-இல் பன்றியின் மரபணு இருந்தது. ஒரு பர்கரில் குதிரைக்கறி 29 சதவீதம். தோண்டத் தோண்டக் கதை ஐரோப்பா முழுக்க நீண்டது. ருமேனியாவில் சட்டப்படி அறுத்த குதிரைக்கறி, சைப்ரஸில் பதிவு செய்த ஒரு தரகர் வழியாக நெதர்லாந்துக் கிடங்குக்குப் போய், தென் பிரான்சில் மாட்டிறைச்சியாகப் பெயர் மாறி, லக்சம்பர்க் ஆலையில் சமையலாகி, பிரிட்டன் கடைகளில் விற்பனைக்கு நின்றது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் தாள் இருந்தது. தணிக்கை செய்த சான்றிதழ்களும் இருந்தன. பிடித்தது அவை எதுவும் அல்ல. கடைக்குப் போய்ப் பொருளை வாங்கி, யாரும் கேட்காத கேள்வியைக் கேட்ட ஓர் அரசு அமைப்பு. குதிரைக்கறி விஷமல்ல. ஆனால் தெரியாமல் குதிரையைத் தின்றவர், வேறு என்னவெல்லாம் தெரியாமல் தின்றோம் என்று கேட்கத்தான் செய்வார்.

பிறகு பிரிட்டிஷ் அரசு கேட்டுக்கொண்டபடி பேராசிரியர் கிறிஸ் எலியட் 2014-இல் அளித்த அறிக்கை, முன்னறிவிப்பு இல்லாத தணிக்கைகளை வற்புறுத்தியது. வரும் நாளைச் சொல்லிவிட்டு வரும் தணிக்கையாளர் பார்ப்பது அன்றைக்குக் கழுவிய தரையைத்தான். அதைவிட ஆழமான சிக்கல், சான்றிதழ்த் தொழிலில் பல இடங்களில் சோதனைக்கு உள்ளாகிற நிறுவனமே சோதிப்பவரைத் தேர்ந்தெடுத்துக் கட்டணமும் கொடுக்கிறது என்பது. கடுமையாக எழுதினால் அடுத்த ஆண்டு வேறொருவரை அழைத்துக்கொள்வார்கள். இதற்குத் தெளிவான சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. அது இறைச்சியைப் பற்றியதல்ல, ஆலைக் கழிவைப் பற்றியது. குஜராத்தில் 473 ஆலைகளை எடுத்துக்கொண்டு, பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோவும் சக ஆய்வாளர்களும் மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துடன் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதி ஆலைகளுக்கு மட்டும் தணிக்கையாளரைக் குலுக்கலில் ஒதுக்கி, சம்பளத்தைப் பொது நிதியிலிருந்து கொடுத்து, அவர் எழுதியதில் சிலவற்றை மறுபடி அளந்து பார்த்தார்கள். அந்தத் தணிக்கையாளர்கள் உண்மையை எழுதத் தொடங்கினார்கள். அந்த ஆலைகள் கழிவையும் குறைத்தன. தணிக்கை செய்தவர்கள் அதே தொழிலில் இருந்தவர்கள்தான். சம்பளம் வரும் வழியும், அவர்களைத் தேர்ந்தெடுத்துச் சரிபார்த்த முறையும்தான் மாறின.

சோதித்ததைப் பெயரோடு வெளியிடுவது இன்னொரு படி. பிரிட்டனின் உணவுத் தர முகமை 2014 பிப்ரவரி முதல் ஓராண்டு கடைகளில் விற்ற கோழியில் கேம்பைலோபாக்டர் கிருமியைத் தேடியது. 73 சதவீதக் கோழிகளில் கிருமி இருந்தது. 19 சதவீதத்தில் மிக அதிகமாக இருந்தது. முகமை எந்தப் பல்பொருள் அங்காடியில் எவ்வளவு என்று பெயர் போட்டு வெளியிட்டது. தொழில்துறை முணுமுணுத்தது. ஆனால் அங்காடிகள் அறுப்புக்கூடங்களை நெருக்கின, அறுப்புக்கூடங்கள் பண்ணைகளை நெருக்கின. அதிகக் கிருமி உள்ள கோழிகளின் பங்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் இறங்கியது. தண்டம் போட்டு ஆகாததைப் பெயர் செய்தது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு நம் கறிக்கோழியைப் பார்ப்போம். இந்தியாவில் உற்பத்தியாகும் இறைச்சியில் ஏறத்தாழப் பாதி கோழி. தமிழ்நாட்டில் பல்லடம், உடுமலை, நாமக்கல் வட்டாரங்களில் கறிக்கோழி வளர்ப்பு பெரும்பாலும் ஒப்பந்த முறை. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனம் தருபவை. ஏறத்தாழ 40 நாளில் கோழி 2 கிலோவைத் தொட்டதும் நிறுவனமே பிடித்துக்கொண்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி தருகிறது. இதைப் பார்க்கும் மக்கள், ஹார்மோன் ஊசி போட்டுத்தான் கோழி இப்படி ஊதுகிறது என்கிறார்கள். இது சரியல்ல. ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் தினம் ஊசி போட ஆள் கூலியே கட்டாது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டு இனத்தையும் 2005-ஆம் ஆண்டு இனத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56 நாளில் பழைய இனம் 905 கிராம், புதிய இனம் 4,202 கிராம். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இணைசேர்த்ததன் விளைவு அது. அந்த வேகத்தால் கோழியின் காலும் இதயமும் படும் பாடு தனியாகப் பேச வேண்டியது.

இல்லாத ஊசியை நினைத்துப் பயப்படும் நாம், இருக்கிற மருந்தைப் பற்றிக் குறைவாகவே கேட்கிறோம். 2014-இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தலைநகர் வட்டாரத்தில் 70 கோழி மாதிரிகளைச் சோதித்தபோது 28-இல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் எச்சம் கிடைத்தது. மனிதர்களுக்கு வேறெந்த மருந்தும் பலிக்காதபோது மருத்துவர்கள் கடைசியாக எடுக்கும் கோலிஸ்டின், பண்ணைகளில் கோழி எடை கூடத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தது. 2019 ஜூலையில் ஒன்றிய அரசு உணவு விலங்குகளுக்கு அதைத் தடை செய்தது. நல்ல முடிவு. ஐரோப்பிய ஒன்றியம் எடை கூட்டுவதற்காக நுண்ணுயிர்க்கொல்லிகளைப் போடுவதை 2006-லேயே முழுதாக நிறுத்திவிட்டது; சுவீடன் 1986-லேயே. தடையை எழுதுவது ஒரு நாள் வேலை. எந்தப் பண்ணையில் எப்போது என்ன மருந்து போனது, கடைசி வேளைக்கும் அறுப்புக்கும் இடையே விட வேண்டிய நாட்களை விட்டார்களா என்று பார்ப்பது தினசரி வேலை. ஒப்பந்தப் பண்ணையில் மருந்தைத் தீர்மானிப்பது நிறுவனம், ஊற்றுவது விவசாயி, கோழியைக் கடைக்குக் கொண்டுவருவது வியாபாரி. கடைக்கூண்டில் இரண்டு மூன்று பண்ணைக் கோழிகள் சேர்ந்தே நிற்கும். கண்ணெதிரே அறுத்த அந்தக் கோழி எந்த ஊரில் வளர்ந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது.

வெளிநாட்டுக்குப் போகும் இறைச்சி என்றால் கதை வேறு. ஏற்றுமதியாகும் எருமை இறைச்சி பதிவு பெற்ற கூடங்களில் அறுபட்டு, குளிரூட்டி, ஆய்வகச் சோதனை கடந்து, சரக்குதோறும் கால்நடை மருத்துவரின் சான்றோடுதான் கப்பலேறுகிறது. செய்யத் தெரியாமல் நாம் இருக்கவில்லை. வாங்குகிற நாடு கேட்கிறது, நாம் கொடுக்கிறோம். உள்ளூரில் கேட்பவர் இல்லை.

உள்ளூரில் நடப்பது, ஓர் உயிர் போன பிறகு வரும் ஆவேசம். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். மாநிலமெங்கும் சோதனை, கெட்டுப்போன இறைச்சி பறிமுதல், பினாயில் ஊற்றி அழிப்பு என்று நாளிதழ்களில் படங்கள். 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைசுக்கு ஓராண்டுத் தடை. இவை தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பறிமுதல் செய்த கிலோக் கணக்கு, சென்ற மாதம் எத்தனை கடை சோதித்தார்கள், எத்தனை தேறியது, தேறாத கடை இப்போது எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் சொல்வதில்லை. வேல்ஸில் 2013 முதல் ஒவ்வோர் உணவுக் கடையும் சுகாதாரத்தில் 0 முதல் 5 வரை தான் வாங்கிய எண்ணை வாசலிலேயே ஒட்டியாக வேண்டும். உள்ளே போகலாமா என்று வாடிக்கையாளர் வாசலிலேயே முடிவு செய்துகொள்வார்.

சிறிய கறிக்கடைக்காரர் மேல் மட்டும் சட்டத்தை ஏவினால் நல்லது நடக்காது. கத்தியைக் கிருமி போகக் கழுவ 82 டிகிரி சூட்டில் வெந்நீர் வேண்டும்; கழிவுநீர் போக வழி வேண்டும்; மீந்த கறிக்குக் குளிர்ப்பெட்டி வேண்டும். பத்துக்குப் பத்து கடையில் இவற்றை அவர் ஒருவரே செய்ய முடியாது. கோழிக்கும் ஆட்டுக்கும் வார்டுக்கு அருகில் பொது அறுப்புக்கூடம் கட்டித் தருவது உள்ளாட்சியின் கடமை. அதைச் செய்யாமல் தண்டம் மட்டும் வசூலித்தால், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பெரிய நிறுவனங்களின் பிளாஸ்டிக் பொட்டலத்துக்குப் போய்விடும். பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதையும் யாராவது சோதித்தாக வேண்டும்.

என்ன செய்யலாம் என்பதில் எனக்குப் பெரிய ஐயமில்லை. கோழிக்குத் தனித்தனி எண் வேண்டியதில்லை. பண்ணையிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு வண்டிக்கும், பேட்ச் எண், கடைசியாகக் கொடுத்த மருந்து, நிறுத்திய தேதி எழுதிய ஒரு சீட்டு போதும். அது கடைச் சுவரில் தொங்கட்டும். மாதிரிகளைக் குலுக்கலில் எடுக்க வேண்டும். எடுப்பவர் விற்பவரிடமோ நிறுவனத்திடமோ காசு வாங்கக் கூடாது. குஞ்சுக்கோ தீவனத்துக்கோ சில பைசா தீர்வை வைத்தால் அந்த நிதி கிடைத்துவிடும். நாமக்கல்லிலும் சென்னையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எந்த விலங்கின் கறி என்று மரபணுவால் சொல்ல ஹைதராபாத்தில் தேசிய இறைச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. முடிவுகள் மாதந்தோறும் மாவட்டம், நிறுவனம், கடை என்று பெயரோடு தமிழில் வெளிவர வேண்டும். மோசமான முடிவும் அதே தேதியில் வர வேண்டும்.

இப்படி வெளியிட்டால் தொழில் படுத்துவிடும் என்று பண்ணைக்காரர்கள் அஞ்சுவார்கள். அவர்கள் அச்சம் பொருளற்றதல்ல. கடனில் கொட்டகை போட்டவர்கள். ஆனால் 73 சதவீதக் கோழியில் கிருமி என்று அரசே அறிவித்த பிரிட்டனில் மக்கள் கோழி தின்பதை விட்டுவிடவில்லை. 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நம் ஊரில் நடந்ததையும் பண்ணைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோழி தின்றால் கொரோனா வரும் என்று ஒரு புரளி கிளம்பியது. பண்ணைக் கொள்முதல் விலை வளர்ப்புச் செலவுக்கு மிகக் கீழே விழுந்தது. தெலங்கானாவில் அமைச்சர்களே மேடையில் கோழிக்கறி சாப்பிட்டுக் காட்டினார்கள். மாதாமாதம் வெளிவந்துகொண்டிருக்கும் சோதனை முடிவு ஒன்றுகூட அன்றைக்கு எடுத்துக்காட்ட அவர்கள் கையில் இல்லை.